21 நாள் கெடு பெயருக்கு இல்லை

'21 நாளுக்குள் பெயரின் ஆங்கில எழுத்துக்கூட்டலையும் முடிவு செய்து பதியாவிட்டால் பிறப்புச் சான்றிதழ் கிடைக்காது' என்று சிலர் சொல்கிறார்கள். அன்புடன் ஒரு திருத்தம்: 21 நாள் என்பது பிறப்பைத் தெரிவிப்பதற்கான கெடு. மருத்துவமனைப் பிரசவம் என்றால் தகவலை மருத்துவமனையே அனுப்பிவிடும். பெயர் இல்லாமலே பதியலாம். சான்றிதழில் அந்த இடம் வெற்றாக இருக்கும். தமிழ்நாட்டில் பதிவு தேதியிலிருந்து 12 மாதம் வரை கட்டணமின்றியும், அதன்பின் 15 ஆண்டு வரை தாமதக் கட்டணத்துடனும் பெயரைச் சேர்க்கலாம்.

அவசரம்தான் ஆபத்து. 'நித்யா'வில் 'டி'க்குப் பிறகு 'எச்' வேண்டுமா, கடைசியில் இரண்டு 'ஏ'யா என்று வீட்டில் இன்னும் பேச்சு நடக்கிறதென்றால் பெயரைக் கொடுக்காதீர்கள். பதிவேட்டில் ஏறிய பெயரைத் திருத்த உதவும், பிறப்பு, இறப்புப் பதிவுச் சட்டத்தின் 15-ஆவது பிரிவு பிழைகளுக்கானது. மனம் மாறியதைப் பிழை என்று பதிவாளர் ஏற்க வேண்டியதில்லை.

சரிபார்க்க: சட்டங்களை வெளியிடும் அரசின் இந்தியா கோட் தளத்தில் பிறப்பு, இறப்புப் பதிவுச் சட்டம் 1969, பிரிவு 14. கால அளவு தமிழ்நாடு பிறப்பு, இறப்புப் பதிவு விதிகள் 2000-இல், 10-ஆவது விதியில் இருக்கிறது. பிறப்பைப் பதிந்த அலுவலகத்திலேயே நேரில் கேட்டாலும் சொல்வார்கள்.