கண்ணாடிக் கப்பல் புதிதன்று
சொகுசுப் படகு கட்டும் ஒரு நிறுவனம் தன் படகு வரிசையைக் கையால் செய்த கண்ணாடிச் சிற்பமாக வடித்திருப்பதைப் பற்றிய கட்டுரையைப் படித்தேன். சிற்பம் அழகுதான், ஆனால் ‘கண்ணாடியில் கப்பல் செய்வது இதுவே முதன்முறை’ என்று கட்டுரை சொல்வதை ஏற்க முடியவில்லை. 19ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் சுடர்விளக்கில் கண்ணாடிக் குச்சிகளை உருக்கிய கைவினைஞர்கள் சந்தைகளில், மக்கள் கண்முன்னே, பாய்மரக் கப்பல்களைச் செய்து விற்றார்கள். கயிறுகளெல்லாம் முடிபோன்ற கண்ணாடி இழைகள், அடியில் இழைகளாலேயே அலை, மேலே தூசு படாமலிருக்க ஒரு கண்ணாடிக் கூடு. அப்படியொன்றை அருங்காட்சியகத்தில் பார்த்தபோது மூச்சு விடவே பயந்து நின்றேன். கட்டுரைக்குக் கருத்து எழுதிய ஒரு வாசகர் ‘கண்ணாடியை உருக்கி அச்சில் ஊற்றினால் முடிந்தது’ என்கிறார். முடியாது ஐயா! உருவம் வந்த பிறகுதான் பெரும்பாடு: சாதாரணக் கண்ணாடியைச் சுமார் 500 டிகிரி செல்சியஸ் சூளையில் வைத்து மெல்ல மெல்ல ஆறவிட வேண்டும், பருமனான துண்டுக்கு நாள்கணக்கில்கூட. அவசரப்பட்டால் உள்ளே இழுவிசை தங்கி, என்றோ ஒருநாள் யாரும் தொடாமலே விரிசல் விடும். மெல்லிய கொடிமரமும் கனத்த உடலும் ஒரே வேகத்தில் ஆறுவதில்லை. படகு வடிவத்தில் அதுதான் கடினம். இந்தச் சிற்பத்தைச் செய்த கைகளின் பெயரையாவது கட்டுரை சொல்லியிருக்கலாம்.