15,000 என்பது பாயிண்ட், ரூபாய் அல்ல

"மேரியட் பான்வாய் எச்டிஎஃப்சி கார்டு வாங்கினால் 15,000 ரூபாய் அறை ஒரு ராத்திரிக்குச் சும்மா" என்று திருப்பூர் அண்ணா ஒருவர் எழுதியிருக்கிறார். மேரியட் ஓட்டல்களோடு சேர்ந்து எச்டிஎஃப்சி வங்கி தரும் கிரெடிட் கார்டு இது; ஓட்டலில் ஒரு ராத்திரி தங்க ஒரு கூப்பன் தருவார்கள். அது சரியல்லங்க. 15,000 என்பது ரூபாய் இல்லை, பாயிண்ட்; அதாவது மேரியட் தன் வாடிக்கையாளர் கணக்கில் சேர்க்கும் புள்ளி. அந்த ராத்திரிக்கு ஓட்டல் கேட்கும் பாயிண்ட் 15,000க்குள் இருந்தால்தான் கூப்பன் அப்படியே செல்லும். கூடுதலாகக் கேட்டால் உங்கள் கணக்கில் இருக்கும் பாயிண்டைச் சேர்த்துக் கட்டலாம், அதற்கும் ஒரு வரம்பு உண்டு. குறைவாகக் கேட்டால் மிச்சம் திரும்பி வராது.

சும்மாவும் இல்லை. ஆண்டுக் கட்டணம் 3,000, அதற்கு 18 சதவீத ஜிஎஸ்டி 540. ஆக 3,540 ரூபாய் கையை விட்டுப் போகிறது.

நான் ஈரோட்டில் மஞ்சள் வியாபாரம் செய்கிறேன். கொச்சிக்குப் போகும்போது இதைத்தான் டைரியில் எழுதிப் பார்ப்பேன்: அதே அறைக்கு வரியோடு பணமாகக் கட்டினால் எவ்வளவு? 6,500 என்றால் லாபம் 2,960. 4,000 என்றால் வெறும் 460. அதற்காக ஒரு கார்டா? பாயிண்ட் விலையும் நாளுக்கு நாள் மாறும். முகூர்த்த நாளில் ஒன்று, செவ்வாய்க்கிழமை வேறொன்று. கூப்பனுக்கு ஆயுள் ஒரு வருஷம்தான்.

அப்புறம், பில்லை முழுசாகக் கட்டாமல் பாக்கி வைக்கிறவர்கள் இந்தப் பக்கமே வர வேண்டாம். மாசம் மூணு வட்டிக்கு மேல் போடுவார்கள். நூல் கடைக்காரர் கடன் மாதிரி பேசித் தள்ளிப்போட முடியாது.