வைரஸ் சாதுவாகிவிட்டதா?

ஓமிக்ரான் என்ற வகை வந்ததோடு கொரோனா வைரஸ் சாதுவாகிவிட்டது என்று உறுதியாகப் பேசுபவர்களை இன்றும் பார்க்கிறேன். எந்த வைரஸும் நாளடைவில் வீரியம் குறைந்து மனிதனோடு ஒத்துப்போய்விடும் என்பதை அவர்கள் இயற்கையின் விதியாகவே கருதுகிறார்கள். எனக்கு இதில் உடன்பாடில்லை. ஒரு தொற்றின் கொடுமையை வைரஸ் மட்டும் தீர்மானிப்பதில்லை. அது வந்து சேரும் மக்களின் உடல்கள் அதை ஏற்கெனவே அறிந்திருக்கின்றனவா என்பதும் சேர்ந்தே தீர்மானிக்கிறது.

2022ஆம் ஆண்டின் தொடக்கத்தில் ஹாங்காங்கில் நடந்ததை நினைத்துப் பாருங்கள். முதல் இரண்டு ஆண்டுகள் தொற்றை வெளியிலேயே நிறுத்தி வைத்திருந்த அந்த நகரத்தில், 80 வயதைக் கடந்தவர்களில் பெரும்பாலோர் தடுப்பூசி போட்டுக்கொள்ளாமல் இருந்தார்கள். அதுவரை இருநூறு சொச்சமாக இருந்த மொத்த மரணங்கள், ‘சாதுவான’ ஓமிக்ரான் நுழைந்த சில மாதங்களில் 9,000ஐத் தாண்டின. ஏறத்தாழ அதே காலத்தில் அதே ஓமிக்ரான் நியூசிலாந்திலும் பரவியது. அங்கு முதியவர்கள் பெரும்பாலும் தடுப்பூசி போட்டிருந்ததால் இறப்பு விகிதம் மிகக் குறைவாகவே இருந்தது. அதற்கு முன் பரவிய டெல்டா வகையைப் போல ஓமிக்ரான் நுரையீரல் திசுக்களில் எளிதாகப் பெருகுவதில்லை என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் அந்த வேறுபாடு ஹாங்காங்கின் முதியவர்களைக் காப்பாற்றப் போதவில்லை.

“தடுப்பூசி போட்டும் தொற்று வந்ததே” என்ற கேள்வியும் இங்கேதான் வந்து நிற்கிறது. ஆன்டிபாடி எனப்படும் எதிர்ப்பொருள்களின் அளவு சில மாதங்களில் குறைந்துவிடுவதால் மூக்கிலும் தொண்டையிலும் வைரஸ் மீண்டும் இடம்பிடித்துவிடுகிறது. ஆனால் பழைய தொற்றை நினைவில் வைத்திருக்கும் நோய் எதிர்ப்புச் செல்களான டி செல்களும் பி செல்களும் விரைந்து செயல்பட்டு, நோய் முற்றாமல் பார்த்துக்கொள்கின்றன. தொற்றைத் தடுப்பது வேறு, மரணத்தைத் தடுப்பது வேறு.

தட்டம்மையின் வரலாறு இதை இன்னும் கூர்மையாகக் காட்டுகிறது. 1846இல் வட அட்லாண்டிக் கடலிலுள்ள ஃபாரோ தீவுகளில் தட்டம்மை பரவியபோது, சுமார் 7,800 பேரில் ஏறத்தாழ 6,000 பேர் சில மாதங்களுக்குள் நோயுற்றார்கள். அங்கு ஆய்வு செய்யச் சென்ற பீட்டர் பானும் என்ற இளம் டேனிஷ் மருத்துவர், 1781இல் வந்த தட்டம்மையில் நோயுற்றுத் தேறிய முதியவர்களில் ஒருவருக்குக்கூட இம்முறை நோய் வரவில்லை என்று பதிவு செய்தார். இடையில் 65 ஆண்டுகள் அந்தத் தீவுகளில் தட்டம்மையே இல்லை. ஆயினும் உடல் மறக்கவில்லை.

அந்த நோயை அறியாத மக்களிடையே அது என்ன செய்யும் என்பதை 1875இல் ஃபிஜி கண்டது. மன்னர் தக்கோம்பாவும் அவருடைய பரிவாரமும் சிட்னியிலிருந்து திரும்பிய கப்பலில் தட்டம்மையும் வந்தது. சுமார் 1,50,000 மக்களில் 40,000 பேர் வரை மாண்டதாக மதிப்பிடப்படுகிறது. இத்தனை மரணங்களையும் வைரஸின் கணக்கில் மட்டும் எழுதிவிட முடியாது. எதிர்ப்பாற்றல் உள்ள சமூகத்தில் குழந்தைகள் படுத்தால் பெரியவர்கள் கவனித்துக்கொள்வார்கள். ஃபிஜியில் தாயும் தந்தையும் பாட்டனும் பேரனும் ஒரே வாரத்தில் படுத்ததால், தண்ணீர் எடுத்துத் தரவும் உணவு தேடவும் ஆளில்லாமல் போனது. சமூகத்தின் எதிர்ப்பாற்றல் என்பதில், நோயுறாமல் எழுந்து நடமாடும் மனிதர்களின் எண்ணிக்கையும் அடங்கும் என்பதை நாம் ஏனோ பேசுவதே இல்லை.

எனினும், பழைய அறிமுகம் எப்போதும் நன்மையே செய்யும் என்று சொல்லிவிட முடியாது. டெங்கு வைரஸில் நான்கு வகைகள் உண்டு. ஒரு வகைக்கு எதிராக உருவான எதிர்ப்பொருள்கள் பின்னர் வரும் வேறொரு வகையைச் செயலிழக்கச் செய்யாமல் வெறுமனே ஒட்டிக்கொண்டு, அது செல்களுக்குள் நுழையவே வழிசெய்துவிடக்கூடும். கியூபாவில் 1977இல் முதல் வகை பரவியது. 1981இல் இரண்டாம் வகை வந்தபோது 158 பேர் இறந்தனர், அவர்களில் 101 பேர் குழந்தைகள். கடுமையாகப் பாதிக்கப்பட்டவர்களில் பெரும்பாலோர் முன்பே ஒருமுறை டெங்குவுக்கு ஆளானவர்கள்.

எனவே புதிய தொற்று ஒன்றைப் பற்றிய செய்தி வரும்போது, இறப்பு விகிதத்துக்கு முன்பாக நான் தேடுவது எந்த வயதினர் படுக்கிறார்கள் என்பதையே. 2009இல் பன்றிக்காய்ச்சல் எனப்பட்ட எச்1என்1 காய்ச்சல் பரவியபோது, வழக்கமாக ஃப்ளூவுக்கு முதலில் இரையாகும் 60 வயதைக் கடந்தவர்கள் ஒப்பீட்டளவில் தப்பினார்கள், இளையோர் மருத்துவமனைகளை நிறைத்தார்கள். 1957க்கு முன்பு, தங்கள் சிறுவயதில், அந்த வைரஸின் உறவுக்கார வகைகளை அம்முதியவர்கள் சந்தித்திருந்தார்கள்.