பத்துக்கு ஒன்பது பொருத்தம்

ரகு: எல்லாம் விசாரித்துவிட்டேன் அத்தை. சேர்த்துக்கொள்ள மாட்டார்களாம்.

அத்தை: ஏனாம்? போட்டோவைப் பார்த்தபோது வாயெல்லாம் பல்லாக இருந்தார்களே!

ரகு: தலைமுறைதான் தகராறு. எட்டாம் தலைமுறையிலிருந்துதான் எடுப்பார்களாம். இது ஆறு.

அத்தை: அநியாயமாக இருக்கிறதே. என் கல்யாணத்தில் கோத்திரம் கேட்டார்கள், ஊர் கேட்டார்கள். தலைமுறையை யாரும் விரல் விட்டு எண்ணவில்லை. மற்றபடி என்ன குறையாம்?

ரகு: ஒரு குறையும் இல்லை. நினைவுத்திறன் அவர்கள் கேட்டதைப்போல இரண்டு மடங்கு இருக்கிறது.

அத்தை: இருக்காதா? நான் வல்லாரை அரைத்துக் கொடுத்து வளர்த்த பிள்ளை.

ரகு: இடமும் தாராளம். 64 போதும் என்கிறார்கள், இங்கே 256 இருக்கிறது.

அத்தை: பம்பாயில் 256 சதுர அடியை வைத்துக்கொண்டு தாராளம் என்று வெளியே சொல்லாதே, சிரிப்பார்கள்.

ரகு: பாதுகாப்புப் பெட்டகம் கட்டாயமாம். பார்த்தேன், அதுவும் இருக்கிறது.

அத்தை: லாக்கர் வரைக்கும் விசாரித்துவிட்டார்களா! உள்ளே எத்தனை பவுன் என்று கேட்டார்களா?

ரகு: அத்தை, நீங்கள் யாரைச் சொல்கிறீர்கள்?

அத்தை: உன் தம்பிக்கு வந்திருக்கிற பாலக்காட்டு வரனை. நீ?

ரகு: உங்கள் கணினியை. விண்டோஸ் 11 போடலாமா என்று பார்த்தேன். தலைமுறை என்றது அதன் பிராசஸரை, 256 என்றது டிஸ்க்கின் ஜிபியை, பெட்டகம் என்றது உள்ளே இருக்கும் பாதுகாப்புச் சிப்பை.

அத்தை: பாலக்காட்டுக்காரர்களே தேவலை.

(ரகு ஐரோலியில் மென்பொருள் வேலையில் இருக்கிறான். இந்த ரக மருமகன்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை மாட்டுங்காவுக்கு வருவார்கள். காபி ஆறுவதற்குள், வீட்டில் ஒழுங்காக ஓடிக்கொண்டிருக்கும் ஏதோ ஒன்றுக்குப் பழையது என்று பெயர் வைத்துவிட்டுப் போவார்கள்.)

ரகு: விண்டோஸ் 10-க்கு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு மைக்ரோசாஃப்ட்டின் ஆதரவு முடிந்துவிட்டது, அத்தை.

அத்தை: என் கணினிக்கு யாரும் சொல்லவில்லை போலிருக்கிறது. மறுநாள் காலையில் சரஸ்வதி பூஜைச் சந்தனப் பொட்டோடு வழக்கம்போல எழுந்தது. தீபாவளிக்கு முன்னால் சொசைட்டியின் 24 வீட்டுக்கும் மெயின்டனன்ஸ் பில் அடித்துக் கொடுத்தது.

ரகு: நின்றுபோகாது. பாதுகாப்பு அப்டேட் வராது, அவ்வளவுதான்.

அத்தை: இந்தப் பத்து வந்தபோது, இதுதான் கடைசி விண்டோஸ் என்று அவர்கள் ஆளே மேடையில் சொன்னதாக நீதானே சொன்னாய்? அதை நம்பித்தானே 2016-இல், ரிடையரான பணத்தில், இதை வாங்கினேன்?

ரகு: 2015-இல் சொன்னது உண்மைதான். 2021-இல் பதினொன்று வந்துவிட்டது.

அத்தை: இதுதான் கடைசி என்று சொன்ன பிறகு ஒன்று பிறப்பது எல்லா வீட்டிலும் உள்ளதுதான். உன் தம்பி அப்படிப் பிறந்தவன். அதற்காக உன்னை வாசலில் வைத்தார்களா?

ரகு: ...

அத்தை: இன்னொன்று. எட்டு வந்தது. பிறகு பத்து வந்தது. ஒன்பது எங்கே?

ரகு: ஒன்பது வரவே இல்லை. நேராகப் பத்துக்குப் போய்விட்டார்கள்.

அத்தை: சொசைட்டி ரசீதுப் புத்தகத்தில் ஓர் எண் விட்டுப்போனால் ஆடிட்டர் என்னை நிற்க வைத்துக் கேட்கிறார். இவர்களை யாருமே கேட்கவில்லையா?

ரகு: அத்தை, விளையாட்டு இல்லை. 2017 மே மாதம் வான்னாக்ரை என்று ஒன்று வந்தது. கோப்புகளையெல்லாம் பூட்டிவிட்டுப் பணம் கேட்டது. பிரிட்டனில் மருத்துவமனைகளே நோயாளிகளைத் திருப்பி அனுப்பின. அந்த ஓட்டையை அடைக்கும் அப்டேட் இரண்டு மாதம் முன்பே, மார்ச்சில் வந்துவிட்டது. போடாதவர்கள் மாட்டிக்கொண்டார்கள். உங்களுக்கு இனி அந்த அப்டேட்டே வராது.

அத்தை: சொசைட்டிப் பணத்தை எடுப்பான் என்கிறாயா? காசோலையில் இரண்டு கையெழுத்து வேண்டும். ஒன்று என்னுடையது. இன்னொன்று ஐந்தாவது மாடிச் சேர்மனுடையது. அந்தக் கையெழுத்துக்கு நானே மூன்று நாள் படி ஏறுகிறேன். வைரஸ் ஏறிப் பார்க்கட்டும்.

ரகு: பணத்தை விடுங்கள். பத்து வருடக் கணக்கைப் பூட்டிவிட்டால்?

அத்தை: (சற்று யோசித்து) அது நியாயமான பேச்சு. இதை முதலிலேயே சொல்லியிருக்கலாம். தலைமுறை, தலைமுறை என்றாய்.

ரகு: புதிதாக ஒன்று வாங்கிவிடலாம். அடுத்த சனிக்கிழமை லாமிங்டன் ரோடு போவோம். நாற்பதாயிரத்துக்குள் முடித்துவிடலாம்.

அத்தை: உன் சட்டைப்பையில் என்ன?

ரகு: பென் டிரைவ்.

அத்தை: எதற்கு?

ரகு: குழந்தையின் பள்ளிக்கூட ப்ராஜெக்ட். நாளைக்குக் கொடுக்க வேண்டும். இங்கே பிரிண்ட் எடுத்துக்கொண்டு போகலாமென்று...

அத்தை: உன் வீட்டில்தான் புதுக் கணினியும் பதினொன்றும் இருக்கிறதே?

ரகு: இருக்கிறது. எங்கள் பிரிண்டர்தான் அதோடு பேச மாட்டேன் என்கிறது. பழைய மாடலாம்.

அத்தை: அதற்கு எத்தனையாவது தலைமுறை?

ரகு: அத்தை!

அத்தை: சரி, கேட்கவில்லை. வேறு வழியே இல்லையா?

ரகு: ஒரு குறுக்கு வழி இருக்கிறது. அந்தச் சோதனையைத் தாண்டிப் பதினொன்றை உள்ளே ஏற்றிவிடலாம். ஆனால் பிறகு அப்டேட் தருவது அவர்கள் இஷ்டம்.

அத்தை: சொல்லாமல் கொள்ளாமல் தாலி கட்டிவிட்டு, அப்புறம் ஆடிச் சீர் எதிர்பார்க்கிற கதை. வேண்டாம்.

ரகு: லினக்ஸ் போடலாம். காசு கிடையாது. இந்தக் கணினியிலேயே ஓடும். தலைமுறை கேட்காது.

அத்தை: என் எக்ஸெல்?

ரகு: அதைப்போலவே வேறொன்று இருக்கிறது.

அத்தை: அதைப்போலவே வேறொன்று என்றுதான் காபிப் பொடி தீர்ந்த அன்று உன் மாமாவுக்குச் சுக்குக் காபி கொடுத்தேன். இன்றுவரை சொல்லிக்காட்டுகிறார்.

ரகு: அப்படியானால் ஒரு வருட நீட்டிப்புதான். 2026 அக்டோபர் 13 வரை பாதுகாப்பு அப்டேட் மட்டும் தருவதாக அறிவித்திருக்கிறார்கள்.

அத்தை: நீட்டிப்பா? 31 வருடம் வங்கியில் நோட்டு எண்ணினேன். எனக்கு ஒரு நாள் நீட்டித்தார்களா? கடைசி நாளன்று ஐந்து மணிக்குச் சந்தன மாலையும் சுவர்க் கடிகாரமும் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். எவ்வளவு கேட்கிறார்கள்?

ரகு: பணமாக என்றால் 30 டாலர். எப்படியானாலும் அவர்களிடம் ஒரு கணக்குத் தொடங்க வேண்டும்; கணினியின் அமைப்புகளை அங்கே சேமிக்கச் சம்மதித்தால் இலவசம்.

அத்தை: சும்மா கொடுப்பவன் எதையாவது தெரிந்துகொண்டுதான் கொடுப்பான். பரவாயில்லை, சொசைட்டிச் சண்டைகளைத் தவிர இதில் என்ன இருக்கிறது? ஆனால் ஒன்று கேள். உங்கள் ஆபீசில் மூன்று வருடத்துக்கு ஒருமுறை லேப்டாப்பை மாற்றித் தருகிறார்கள். பணம் உன் முதலாளியுடையது, உனக்கு வலிக்காது. நான் இதைத் தூக்கிக்கொண்டு கீழே போனால், ரத்திவாலா பழைய பேப்பருக்கு எடுக்கிற அதே தராசைத்தான் இதற்கும் எடுப்பான். ஓடாத சாமானைக் கழிக்க எனக்குத் தெரியும், மிக்ஸியைக் கழித்தேன், உன் மாமாவின் ஸ்கூட்டரைக் கழித்தேன். ஓடுகிற சாமானைக் கழி என்று சொல்ல இவர்கள் யார்? நீ விசாரித்ததில் என்ன தேறியது? பத்துப் பொருத்தத்தில் ஒன்பது சரி. ஒன்பது இருந்தால் ஜோசியரே கண்ணை மூடிக்கொண்டு முகூர்த்தம் குறித்துவிடுவார்.

ரகு: (விசைப்பலகையைத் தன் பக்கம் இழுத்து) கணக்குத் தொடங்குகிறேன். உங்கள் பிறந்த தேதி கேட்கிறது.

அத்தை: கேட்கும் என்று தெரியும். நேரம்?

ரகு: நேரமெல்லாம் வேண்டாம்.

அத்தை: அஸ்த நட்சத்திரம். போட்டுக்கொள்.

ரகு: அதற்கு இடமே இல்லை அத்தை.

அத்தை: 256 இருக்கிறது என்றாயே.

(கால் மணி நேரத்தில் நீட்டிப்பு கிடைத்துவிட்டது. அதைவிடக் கடவுச்சொல்லைத் தேர்ந்தெடுக்கத்தான் அதிக நேரம் பிடித்தது. அத்தை சொன்ன ஒவ்வொன்றிலும் பெருமாள் பெயர் இருந்தது, எண் இல்லை. பிறகு ரகு பென் டிரைவைச் செருகினான். பிரிண்டர் ஒருமுறை கனைத்துவிட்டுப் பக்கங்களைத் துப்பத் தொடங்கியது. அவன் தம்ளரை வைக்கச் சமையலறைக்குப் போய்விட்டு வந்தான்.)

ரகு: ஐந்து, ஆறு, ஏழு, எட்டு, பத்து... அத்தை, ஒரு பக்கம் குறைகிறதே. ஒன்பது எங்கே?

அத்தை: (ஒரு கையை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு) வரவே இல்லை. நேராகப் பத்துக்குப் போய்விட்டது.