பிதுக்கம்பருப்பைப் பாக்கெட்டில் போடுங்கள்

மகள் பால், தயிர், நெய் எல்லாவற்றையும் விட்டு ஒரு வருஷம் ஆகிறது. பெங்களூரில் வேலை. சனிக்கிழமை ராத்திரி கிருஷ்ணகிரி வந்துவிடுவாள். அவளுக்காகப் போன வாரம் ஓசூர் போனபோது, ஒரு சூப்பர் மார்க்கெட் தன் சொந்தப் பெயரில் விற்கும் வீகன், அதாவது பால், இறைச்சி என்று விலங்கிலிருந்து வரும் எதுவும் சேராத கபாப் பாக்கெட்டை வாங்கினேன். ஐஸ் உருகாமல் 50 கிலோமீட்டர் பஸ்ஸில் கொண்டுவருவதே பெரிய பாடு, செய்தித்தாளை நாலு சுற்று சுற்றினேன்.

முதலில் பார்த்தது பச்சைக் கட்டத்துக்குள் இலை வைத்த ‘வி’ என்கிற வீகன் குறியை. வீகன் உணவுக்கான விதிமுறை 2022இல் வந்தது. பச்சைப் புள்ளி இருந்தால் போதும் என்று நினைத்து முன்பு ஒரு பிஸ்கட் வாங்கிக் கொடுத்தேன், அதில் பால் பவுடர் இருந்தது. பச்சைப் புள்ளி சைவம் என்று மட்டும்தான் சொல்லும், பாலும் அதில் அடங்கும். அன்று அவள் முகம் வாடியது எனக்கு இன்னும் மறக்கவில்லை.

கபாப்பில் சோயா, கோதுமைப் புரதம், பிடிப்புக்கு மெத்தில் செல்லுலோஸ். தோசைக்கல்லில் எண்ணெய் விட்டுச் சுட்டேன். சூடாகச் சாப்பிட்டபோது நன்றாகவே இருந்தது, உப்புதான் தூக்கல். மகள் வர ஒன்பதரை ஆகிவிட்டது, அதற்குள் ஆறித் தளர்ந்துபோயிருந்தது. மெத்தில் செல்லுலோஸ் சூட்டில் இறுகும், ஆறினால் இளகும். திரும்பச் சுட்டதும் சரியானது. மாமியார் ஒன்றைச் சாப்பிட்டுவிட்டு, “நல்லாத்தான் இருக்கு. ஆனா களிக்குத் தொட்டுக்க ஆகாதும்மா” என்றார்.

அந்தப் பேச்சுதான் மனசில் நிற்கிறது. ராகிக் களி, கீரைக் கடைசல், கொள்ளுக் கடைசல், மொச்சைக் குழம்பு. இதில் எதிலும் சொட்டுப் பால் கிடையாது. பாலை விட்ட பிள்ளைக்குச் சுண்ணாம்புச்சத்து எங்கிருந்து வரும் என்று நான் கவலைப்பட்ட நாள்கள் உண்டு. 100 கிராம் ராகியில் சுமார் 350 மில்லிகிராம் இருக்கிறது. பி12 மட்டும் செடிகொடியில் கிடைக்காது, அதற்கு டாக்டர் சொன்ன மாத்திரையைப் போடுகிறாள்.

அவளுக்கு உயிர் பிதுக்கம்பருப்புக் குழம்புதான். மார்கழி, தையில் பச்சை மொச்சை வரும். காயை உரித்து, கொட்டையை ராத்திரி ஊறவைத்து, காலையில் ஒவ்வொன்றாகத் தோலைப் பிதுக்கி எடுக்க வேண்டும். நாலு பேர் சாப்பிடும் குழம்புக்கு இரண்டு பேர் உட்கார்ந்தாலும் ஒரு மணி நேரம் ஓடிவிடும், நகக்கண் எரியும். வேலைக்குப் போகிற பெண் தனி அறையில் இதை எப்படிச் செய்வாள்? பெங்களூரில் சீசனில் பிதுக்கியே விற்கிறார்கள், சீசன் போனால் அதுவும் கிடைப்பது கஷ்டம்.

சூப்பர் மார்க்கெட் நடத்துகிறவர்களைக் கேட்கிறேன். கபாப் போடுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. அதே ஃப்ரீசரில் பிதுக்கம்பருப்பையும் உங்கள் பெயர் போட்டு வருஷம் முழுக்க வையுங்கள். பிதுக்குகிற கூலி எங்கள் ஊர்ப் பெண்களுக்குக் கிடைக்கட்டும். கூடுதல் விலை கொடுத்தாவது வாங்குவேன்.

ஞாயிறு சாயங்காலம் மிச்சமிருந்த நாலு கபாப்பை எடுத்துக்கொள்ளச் சொன்னேன். இரண்டு போதும் என்றாள். தையில் மாமியாரும் நானும் பிதுக்கி ஃப்ரீசரில் வைத்திருந்த கடைசி டப்பாவைக் கேட்டு வாங்கிப் போனாள்.