ஃபிளாஜிஸ்டனைப் பார்த்துச் சிரிக்கிறவர்களுக்கு

அந்த ‘மாதிரி வகுப்பு’ காணொளியை எல்லோரும் பார்த்தாயிற்று. ஓர் ஆசிரியர் போர்டில் ஃபிளாஜிஸ்டன் (பொருள் எரியும்போது அதிலிருந்து வெளியேறுவதாக ஒருகாலத்தில் நம்பிய ஒன்று) என்று எழுதி, குறுக்கே கோடு கிழித்து, பிள்ளைகளைச் சிரிக்கவைத்து, “இதுதான் அறிவியல் வரலாறு” என்கிறார். கீழே ஒரே கைதட்டல்.

இது வரலாறு இல்லை. செத்தவர்களைக் கேலி செய்வது.

அந்தக் கோட்பாடு ஏன் சரியாகப் பட்டது என்று பிள்ளைகளுக்கே முதலில் படவேண்டும். தராசில் மெழுகுவர்த்தியை எரியவிடுங்கள். எடை குறையும். “ஏதோ வெளியே போகுது” என்று வகுப்பே சொல்லும். ஃபிளாஜிஸ்டன்காரர்கள் சொன்னதும் அதைத்தான்!

அடுத்துதான் மெல்லிய இரும்பு நார். 3 கிராம் போதும். பாத்திரம் தேய்க்கும் ஸ்டெயின்லெஸ் நார் உதவாது. எண்ணெய்ப் பூச்சு இருந்தால் எரிந்துபோய்க் கணக்கைக் கெடுக்கும், முன்பே அசிட்டோனில் அலசி நன்றாகக் காயவையுங்கள். நாரைப் பிரித்துவிடுங்கள், சுருட்டி வைத்தால் மேல்புறம் மட்டும்தான் எரியும். உதிர்வதையும் சேர்த்து நிறுக்க, உலோகத் தட்டோடு 0.01 கிராம் காட்டும் தராசில் வையுங்கள். கூடுமா குறையுமா என்று ஆளாளுக்கு எழுதிவாங்காமல் பற்றவைக்காதீர்கள். எழுதிவாங்காவிட்டால் அது வெறும் மத்தாப்பு.

எடை கூடும். சரி, கோட்பாடு செத்ததா? உலோகம் சுட்டால் எடை கூடுவதை ழான் ரே 1630-லேயே எழுதிவிட்டார். ஃபிளாஜிஸ்டன் செல்வாக்குப் பெற்றதே அதற்குப் பிறகுதான்; அதற்கு எதிர்மறை எடை என்றுகூடச் சிலர் சமாளித்தார்கள். சிரிக்காதீர்கள். யுரேனஸ் கோளின் பாதை நியூட்டன் விதிக் கணக்கிலிருந்து விலகியபோது நியூட்டனை யாரும் தூக்கிப்போடவில்லை. தெரியாத கோள் ஒன்று இருக்கும் என்றார்கள், 1846-ல் நெப்டியூன் கிடைத்தது. புதனின் பாதையும் கணக்கோடு பொருந்தாதபோது அதே சமாளிப்பு, வல்கன் என்று பெயர்கூட வைத்தார்கள். அப்படி ஒரு கோளே இல்லை. அதை விளக்க 1915-ல் ஐன்ஸ்டைனின் புதிய ஈர்ப்புக் கோட்பாடு வரவேண்டியிருந்தது.

“போர்ஷன் முடியாது” என்பீர்கள். முடித்த போர்ஷன் எத்தனை பேர் தலையில் நிற்கிறது?

“பிள்ளைகளுக்கு அறிவியல்மேல் நம்பிக்கை போய்விடும்” என்பது நியாயமான பயம். பாதியில் மணி அடித்தால் ‘எல்லாமே கருத்துதான்’ என்ற நினைப்போடு எழுந்து போவார்கள். அதனால் மூடிய குடுவைக்குள் எரித்து மொத்த எடை மாறவில்லை, நாரில் கூடியது உள்ளே இருந்த காற்றின் ஆக்சிஜன்தான் என்று காட்டாமல் பாடத்தை முடிக்கவே கூடாது.

ஆனால் இப்படி வரலாற்றோடு பாடம் நடத்தும் எங்களைக் ‘கதைசொல்லிகள்’ என்கிறவர்கள்தான் வினாத்தாளில் கேட்கிறார்கள்: ஆக்சிஜனைக் கண்டுபிடித்தவர் யார்? ஷீலே முதலில் தயாரித்தார், நூல் வந்தது 1777-ல். பிரீஸ்ட்லி 1774-ல் எடுத்தார், 1804-ல் சாகும்வரை ஃபிளாஜிஸ்டனை விடவில்லை. அதற்குப் பெயர் வைத்து, ஃபிளாஜிஸ்டனை வீழ்த்தியவர் லவாய்சியே. ஃபிளாஜிஸ்டன் தரப்பு நூலை அவருக்காக மொழிபெயர்த்து, கருவிப் படங்களையும் வரைந்த அவர் மனைவி மரி ஆன் பாடப்புத்தகத்தில் எந்தப் பக்கத்தில் இருக்கிறார்? ஒரு மார்க்குக்கு ஒரு பெயர்தான் எழுதலாமாம்.