மாகாணப் பாடசாலையில் படித்தால் பல்கலைக்கழகம் போக முடியாதா?

"தேசிய பாடசாலையில் படித்த பிள்ளைக்குத்தான் கெம்பஸ், மாகாணப் பாடசாலைச் சான்றிதழுக்கு மதிப்புக் குறைவு" என்று கொழும்புப் பெற்றோரின் வாட்ஸ்அப் குழுக்களில் ஒரு செய்தி சுற்றுகிறது. இது பொய்.

தேசிய பாடசாலையை மத்திய கல்வி அமைச்சு நடத்துகிறது, மற்றதை மாகாண சபை. வித்தியாசம் நிர்வாகத்தில்தான். உயர்தரப் பரீட்சையை எல்லோருக்கும் பரீட்சைத் திணைக்களமே நடத்துகிறது. ஒரே வினாத்தாள். விடைத்தாளில் பிள்ளை எழுதுவது சுட்டெண், பாடசாலைப் பெயர் அல்ல. அப்புறம், பல்கலைக்கழகத் தெரிவு இசட் புள்ளிப்படி, அதாவது வெவ்வேறு பாடங்களின் புள்ளிகளை ஒப்பிடக்கூடியதாகச் சமப்படுத்திக் கணிக்கும் புள்ளிப்படி. கலைத்துறை தவிர்ந்த பெரும்பாலான பாடநெறிகளில் 40 வீத இடம் அகில இலங்கைத் திறமைக்கு, 55 வீதம் மாவட்ட அடிப்படையில், 5 வீதம் பின்தங்கிய மாவட்டங்களுக்கு. தேசிய பாடசாலைக்கென்று ஒரு இடம்கூட ஒதுக்கப்படவில்லை.

சரி, எதைப் பார்க்க வேண்டும்? பாடசாலையின் வகையை. 1ஏபி என்றால் உயர்தரத்தில் விஞ்ஞானப் பிரிவும் உண்டு; 1சி என்றால் கலை, வர்த்தகம் மட்டும்; வகை 2 பதினோராம் தரத்தோடு முடிந்துவிடும். விஞ்ஞானம் படிக்க ஆசைப்படும் பிள்ளைக்கு இதுதான் முக்கியம். அதோடு, இரசாயனவியலுக்கும் பௌதிகவியலுக்கும் தமிழ்மொழி மூல ஆசிரியர் இப்போது இருக்கிறாரா என்று அதிபரிடம் நேரில் கேளுங்கள். இந்தப் பொய்யை நம்பி, வீட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் நல்ல பாடசாலையைத் தயவுசெய்து தட்டிக்கழிக்காதீர்கள்.